சாக்குக்குள் பூனை, பாய்க்குள் தெள்ளு

வரிப்பத்தான்சேனையில் பூனை வந்து போகாத வளவு ஒன்றைக் காட்டுவது கஷ்டம். காசு கொடுத்து வாங்கியவர் யாருமில்லை. "நாங்க பூனை வளர்க்கிற" என்று சொல்பவர்களும் குறைவு. அது தானாக வரும், குசினி வாசலில் குந்தும், மீன் கழுவும்போது தலையும் குடலும் அதுக்குப் போகும், மாரி தொடங்கினால் நெல் மூடைக்கு மேல் ஏறிப் படுக்கும். பிறகு குட்டி போடும். குட்டிகள் நடக்கத் தொடங்குகிற காலத்தில் ஊட்டில் யாருக்காவது கணுக்காலைச் சுற்றிக் கடித்துத் தடிக்கும். அதுக்குப் பிறகு நடப்பது எங்களுக்கும் தெரியும், வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். ஒரு யூரியா பேக், ஒரு மோட்டார் சைக்கிள், ஊருக்கு வெளியே ஒரு வாய்க்கால் கட்டு, இல்லாட்டி அடுத்த ஊர் மீன் சந்தை. "கொண்டுபோய் உட்டுட்டு வா மனெ, சின்னப் புள்ள இருக்கிற ஊடு."

அந்த யூரியா பேக்கைப் பற்றித்தான் எழுத நினைத்தோம். குசினியில் வளர்ந்த குட்டிக்கு வாய்க்கால் கட்டில் என்ன நடக்கும் என்பதை விரிக்கத் தேவையில்லை. அது பாவம் என்று எல்லாருக்கும் தெரிந்துதான் நடக்கிறது. எங்களுடைய வாதம் இன்னொன்று: பூனையைக் கொண்டுபோய் விடுவதால் கடி நிற்காது. ஏனென்றால் கடிக்கிற சாமான் பூனையோடு போகவில்லை. அது உங்கட பாய்க்குள் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். பூனையில் எது ஊர்ந்தாலும் நம்மட ஆக்கள் "உண்ணி" என்று சொல்வார்கள். உண்ணி என்பது மாட்டின் காதுக்குள்ளும் மடியிலும் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்து உருண்டையாகிற, எட்டுக்கால் உள்ள ஒன்று. பூனையில் அதிகம் இருப்பது தெள்ளு. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் நீளம், மண்ணிறம், பக்கவாட்டில் தட்டையான உடம்பு, செட்டை இல்லை, பிடிக்கப் போனால் பாயும். நாய், ஆடு, மனிசன் என்று பார்க்காமல் எல்லாரிலும் ஏறும். ஆட்டுக்கூடு இருக்கிற வளவில் பூனைக்கு மட்டும் மருந்து போட்டு "சரி வரல்ல" என்று சொல்பவர்கள் ஆட்டையும் ஒருக்கா பார்க்கவேண்டும்.

தெள்ளின் கதையில் கவனிக்கவேண்டிய இடம் முட்டை. ஒரு பெண் தெள்ளு இரத்தம் குடிக்கத் தொடங்கி ஒன்றிரண்டு நாளிலேயே முட்டையிடும். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது வரைக்கும் இடக்கூடியது. பேன் முட்டை முடியில் ஒட்டிக்கொள்ளும், தெள்ளு முட்டை ஒட்டாது. வழுவழுவென்று இருக்கும், பூனை உடம்பைக் குலுக்கினால் கொட்டும். பூனை எங்கெங்கே படுக்கிறதோ அங்கெல்லாம் அந்த முட்டையும், வளர்ந்த தெள்ளின் கறுப்பு எச்சமும் சேர்ந்தே விழும். முட்டையிலிருந்து வெளிவரும் புழு வெளிச்சத்தைக் கண்டால் ஓடும். பாயின் அடி, செற்றியின் இடுக்கு, சீமெந்து வெடிப்பு, மரநிழல் மணல், இந்த இடங்களுக்குள் போய் அந்த எச்சத்தைத் தின்று வளரும். எச்சம் என்பது பாதி செமித்த இரத்தம்தான். தாய் தெள்ளு பூனையின் இரத்தத்தைக் குடித்துப் பிள்ளைக்குக் கீழே சோறு போடுகிறது என்று சொல்லலாம். பிறகு அந்தப் புழு ஒரு கூடு கட்டும். ஒட்டுகிற கூடு, தூசும் மணலும் அதில் அப்பிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது, மருந்தும் லேசில் உள்ளே போகாது.

கூட்டுக்குள் இருக்கிற தெள்ளுக்கு அவசரம் இல்லை. சூடு, அதிர்வு, மூச்சுக்காற்று, இதெல்லாம் வந்து "மேலே ஆள் இருக்கு" என்று சொல்லும் வரைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்கும். லீவு முடிந்து, பூட்டிக் கிடந்த போடிங் அறையைத் திறந்து உள்ளே காலை வைத்தவுடன் முழங்கால் வரைக்கும் பாய்ந்த அனுபவம் எங்களில் பலருக்கு உண்டு. ஒன்றரை மாதமாக அந்த அறைக்குள் ஒரு பூனையும் இல்லை. "பூனை இல்லாமத் தெள்ளு எப்படி வந்த" என்று அண்டைக்கு ஆளாளுக்குக் கேட்டோம். பூனை போனதால்தான் அது அப்படிப் பாய்ந்தது. ஊட்டில் பூனை இருக்கும் வரைக்கும் வெளிவருகிற தெள்ளு பூனைக்குப் போகும். பூனையைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோன பிறகு மிஞ்சியிருக்கிற சூடான உடம்பு பாயில் படுக்கிற பிள்ளையினுடையதுதான்.

பொதுவாகச் சொல்லப்படுகிற கணக்கு இது: ஓர் ஊட்டில் உள்ள தெள்ளுக் கூட்டத்தில், முட்டை, புழு, கூடு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால், பூனையின் உடம்பில் இருப்பது நூற்றுக்கு ஐந்து. மிச்சம் தொண்ணூற்றைந்தும் தரையில். நாங்கள் கோபத்தைக் காட்டுவது அந்த ஐந்தின் மேல்.

அப்போ என்ன செய்கிற? மருந்துக் கடைக்குப் போகமுதல் ஊட்டில் இருக்கிற மூன்று சாமானைச் சொல்கிறோம். முதலாவது பேன் சீப்பு. பெண் பிள்ளைகள் உள்ள எந்த ஊட்டிலும் ஒன்று கிடக்கும், பூனைக்கென்று புதிதாக ஒன்றை ஒதுக்கலாம். கழுத்தைச் சுற்றி, வாலடி, வயிற்றின் கீழே வாரி எடுத்து, சவர்க்காரத் தண்ணீர் உள்ள கோப்பைக்குள் உதறவேண்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பும், சவர்க்காரம் கலந்தால் தாழும். சீப்பில் கறுப்புத் தூள் வந்தால் அதை நனைந்த வெள்ளைக் கடதாசியில் வைத்துப் பாருங்கள். மண் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சமென்றால் சுற்றிவரச் செம்மண்ணிறம் பரவும். ஒரு மாதம், ஒன்றரை மாதக் குட்டிகளுக்கு இந்தச் சீப்புத்தான் முதல் மருந்து. கடையில் விற்கிற துளி மருந்துகளில் பெரும்பாலானவை எட்டுக் கிழமைக்குக் குறைந்த குட்டிக்குப் போடக்கூடாதவை. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கவேண்டாம். உள்ளங்கையளவு குட்டியில் ஐம்பது தெள்ளு ஏறினால் அது இரத்தம் வற்றியே செத்துப்போகும். குட்டியின் முரசைத் திறந்து பாருங்கள், ரோசா நிறம் போய் வெளிறிக் கிடந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டவேண்டிய ஆள்.

இரண்டாவது தும்புத்தடி. ஆனால் வழமையாகக் கூட்டுகிற இடத்தில் இல்லை, வழமையாகக் கூட்டாத இடத்தில்: அலுமாரிக்குப் பின்னால், கட்டிலடி, நெல் மூடை அடுக்கின் இடுக்கு. கூட்டிய குப்பையை வளவின் மூலையில் கொட்டினால் திரும்பி வரும், எரிக்கவோ கட்டி அனுப்பவோ வேண்டும். மூன்றாவது வெயில். அது எங்கட ஊரில் தாராளம். தெள்ளுப் புழுவுக்கு ஈரமும் நிழலும் வேண்டும், காய்ச்சலான வெயிலை அது தாங்காது. பன்பாய், தலகணி, பூனை படுக்கிற சாக்கு, எல்லாவற்றையும் கிழமைக்கு ஒருக்கா மத்தியான வெயிலில் போடலாம். சீலைத் துணிகளைச் சுடுதண்ணீரில் அவிக்கலாம். கூட்டுக்குள் இருப்பது வெளிவந்து முடியும் வரைக்கும், அதாவது மூன்று மாதமாவது, இதை விடாமல் செய்யவேண்டும். ஒரு கிழமை செய்துபோட்டு "ஒண்டும் குறையல்ல" என்று சொல்வது சரியில்லை. அந்த ஒரு கிழமையில் வந்த தெள்ளெல்லாம் போன மாதம் போட்ட முட்டை.

காசு இருந்தால் துளி மருந்து. பிப்ரோனில், செலமெக்டின் போன்றவை சின்னக் குழாயில் வரும், பூனைக்கு நாக்கு எட்டாத பிடரியில், முடியை விலக்கித் தோலில் விடவேண்டும். 2022க்குப் பிறகு இதுகளின் விலை என்ன ஆனது என்று வாங்குபவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சீப்பையும் தும்புத்தடியையும் முன்னால் சொன்னோம். மருந்து போட்டாலும் அதுகள் இரண்டும் தேவை.

இனி வருகிற விஷயம் எங்கட மாதிரி வயல் ஊருக்கு முக்கியம். வயல் ஊட்டில் பூச்சி நாசினிப் போத்தல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். "மாட்டு உண்ணிக்குப் போடுறதுதானே, கொஞ்சம் தண்ணியில கலந்து பூனைக்கும் ஊத்து" என்று சொல்கிற காக்காமார் ஒவ்வொரு ஒழுங்கையிலும் உண்டு. செய்யவேண்டாம். துளி மருந்தில் இருக்கிற அதே பெயர் விவசாயக் கடைப் போத்தலிலும் இருக்கலாம். செறிவு வேறு, கரைக்கிற திரவம் வேறு. அதோடு பூனை நாய் மாதிரி இல்லை, மாடு மாதிரியும் இல்லை. உடம்பில் என்ன பட்டாலும் நக்கித் துப்பரவாக்குகிற பிராணி. தோலில் ஊற்றியது எல்லாம் வயிற்றுக்குள் போகும். போனதைக் கழிக்கிற விடயத்தில் பூனையின் ஈரலுக்குக் கொஞ்சம் கை குறைவு. நாய்க்கும் மனிசனுக்கும் உள்ள சில நொதியங்கள் பூனைக்குச் சரியாக வேலை செய்வதில்லை. நாய்த் தெள்ளுக்குப் போடுகிற பெர்மெத்ரின் பூனையில் பட்டால் நடுக்கம், வலிப்பு, சாவு. நாய்க்கென்று எழுதியிருக்கிற மருந்தைப் பாதியாக்கிப் பூனைக்குப் போடுவதும் அதே வேலைதான். பரசிட்டமோலும் அப்படி, நமக்குக் காய்ச்சலுக்குப் போடுகிற ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். மண்ணெண்ணெய் பூசுவது, பூச்சி உருண்டையைப் படுக்கையில் வைப்பது, இதுகளும் வைத்தியம் இல்லை. இப்படிச் செத்த பூனையைப் பார்த்து "தெள்ளு கடிச்சுச் செத்துப்போச்சி" என்று சொல்லிவிடுகிறார்கள்.

தெள்ளை விட்டுவிட்டுப் பூச்சியைப் பேசமுடியாது, ஏனென்றால் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது. பூனையின் பின்பக்கத்தில், படுத்த இடத்தில், அரிசி மணி மாதிரி, காய்ந்த பிறகு எள்ளு மாதிரி ஒன்று ஒட்டிக் கிடந்து பார்த்திருப்பீர்கள். அது நாடாப்புழுவின் துண்டு. அந்தத் துண்டுக்குள் இருக்கிற முட்டையைத் தரையில் தின்பது தெள்ளின் புழு. அது வளர்ந்து தெள்ளாகிப் பூனையில் ஏறும். பூனை கடி தாங்காமல் கடித்து விழுங்கும். விழுங்கிய தெள்ளுக்குள்ளிருந்து நாடாப்புழு திரும்பவும் குடலுக்கு வந்துவிடும். பிராசிகுவான்டெல் என்ற மருந்து இதைக் கொல்லும். தெள்ளு ஊட்டில் இருந்தால் மூன்று நாலு கிழமையில் அரிசி மணி மறுகாவும் வரும், "குளிசை வேலை செய்யல்ல" என்ற பேச்சும் வரும். இன்னொரு வகை நாடாப்புழு எலியில் இருந்து வருகிறது. நெல் மூடைக்குக் காவல் இருக்கிற பூனைக்கு அதுவும் கிடைக்கும், அது சம்பளத்தோடு சேர்ந்தது.

உருண்டைப் புழுதான் பிள்ளைகளுக்கு ஆபத்து. இடியப்ப நூல் மாதிரி வெள்ளையாக, சில நேரம் குட்டி வாந்தியெடுக்கும்போது வெளிவரும். குடம் மாதிரி வயிறு, குச்சி மாதிரி கால், மினுக்கமில்லாத முடி, இப்படி ஒரு குட்டியைக் கண்டால் "நல்லாச் சாப்பிட்டிருக்கு" என்று சிரிப்பார்கள். அந்த வயிறு சோறு இல்லை. பூனையில் இந்தப் புழு தாய்ப்பாலோடு குட்டிக்குப் போகிறது, ஆகவே ஊரில் பிறக்கிற குட்டிகளில் பெரும்பகுதி பால் குடிக்கிற காலத்திலேயே புழுவோடுதான் வளர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது கிழமையில் முதல் மருந்து, பால் மறக்கும் வரைக்கும் இரண்டு கிழமைக்கு ஒருக்கா, பிறகு ஆறு மாதம் வரைக்கும் மாதம் ஒருக்கா, வளர்ந்து வெளியே திரிகிற பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கா. உலகத்தில் மிருக வைத்தியர்கள் சொல்கிற ஒழுங்கு ஏறக்குறைய இதுதான். பள்ளிக்கூடத்தில் நமக்குத் தந்த பூச்சிக் குளிசையின் அரைவாசியைப் பூனைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு தங்கச்சி கேட்டாள். கொடுக்கக்கூடாது. பூனைக்குரிய மருந்தை, பூனையின் நிறைக்குக் கணக்குப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும். நிறை பார்ப்பது பெரிய வேலை இல்லை, பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியே ஏறிக் கழித்தால் சரி.

இதில் பிள்ளைகள் எங்கே வருகிறார்கள் என்றால், மணலில். எங்கட பக்கத்தில் மகளுக்குச் சீதன ஊடு கட்டுவது பத்து வருடத் திட்டம். மகள் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது கொட்டிய மணல், அவள் ஏஎல் எடுக்கும்போதும் வாசலில் கிடக்கும். பூனைக்கு அதைவிட நல்ல கக்கூசு கிடைக்காது. பின்னேரம் அதே கும்பியில்தான் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் விளையாடும். பூனை கழிக்கிற அன்றைக்கு அந்த முட்டையால் ஆபத்தில்லை. மண்ணில் சில கிழமை கிடந்துதான் அது முதிரும். முதிர்ந்த பிறகு வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிள்ளையின் வாய்க்குள் போனால், பூனையின் குடல் என்று நினைத்து வந்த புழு வழி தெரியாமல் ஈரலுக்கும் நுரையீரலுக்கும் அலையும், அபூர்வமாகக் கண்ணுக்கும் போகும். மணல் கும்பியின் மேல் ஒரு படங்கை இழுத்து மூடி நாலு கல்லை வைத்தால் இதில் பெரும்பகுதி முடிந்தது. பூனையின் கழிவைக் கண்ட அன்றைக்கே அள்ளிப் புதைத்தால் முட்டைக்கு முதிர நேரமில்லை.

கொக்கிப்புழுவும் இருக்கிறது. அதில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் அன்சிலோஸ்டோமா சிலானிக்கம். சிலோனைப் பார்த்து வைத்த பெயர். 1911இல் இலங்கையின் மரநாய் ஒன்றில் எடுத்த புழுவை வைத்து லூஸ் என்ற ஜேர்மனியர் எழுதிவைத்தது. பூனையிலும் நாயிலும் வாழ்கிற இந்தப் புழு மனிசக் குடலிலும் முழுதாக வளரக்கூடியது. தேயிலைக்கும் கறுவாவுக்கும் இருக்கிற பெருமை இதுக்கும் ஒரு பங்கு உண்டு என்று வைத்துக்கொள்வோம். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கிற ஊரில் இது படிப்பாளிகளுக்கு மட்டும் உரிய விஷயமில்லை.

காதுக்குள் கோப்பித்தூள் மாதிரி ஊத்தை, தலையை ஓயாமல் ஆட்டுவது, இது காதுச் சிற்றுண்ணி. காது விளிம்பில் தொடங்கி முகமெல்லாம் பொருக்கு கட்டுவது சொறிச் சிற்றுண்ணி. இரண்டும் வைத்தியரிடம் காட்டினால் சுகமாகிறவை. "சொறிப் பூனை" என்று கல்லால் எறிகிற பூனைகளில் கனக்கவை இரண்டு மூன்று தரம் மருந்து போட்டால் நல்ல முகத்தோடு திரிந்திருக்கும்.

இவ்வளவையும் ஊரில் சொன்னால் முதலில் வருகிற பதில், "பூனை சுத்தமான பிராணிதானே, மார்க்கத்திலேயே சொல்லியிருக்கு." சொல்லியிருக்கிறது. அபூ கதாதா (ரலி) அவர்கள் வுழூ செய்ய வைத்த தண்ணீரைப் பூனை குடிக்கப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்த ஹதீஸை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காணலாம், ஊரில் மதரஸாவுக்குப் போன எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அங்கே பேசப்படுவது நஜீஸா இல்லையா என்பது. பூனை வாய் வைத்த தண்ணீரில் வுழூ செய்யலாமா என்ற கேள்விக்கான பதில் அது. குடலில் புழு இருக்கிறதா என்ற கேள்வியை அந்த ஹதீஸிடம் யாரும் கேட்கவில்லை. ஆட்டிறைச்சி ஹலால்தான், அதற்காக ஆட்டுக்குப் பூச்சி மருந்து பருக்காமல் விடுகிறோமா? இரண்டு சுத்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் நடப்பது என்னவென்றால், "சுத்தமான பிராணி" என்று சொல்லி ஒரு வருடம் மருந்து கொடுக்காமல் இருப்பது, பிறகு தெள்ளைக் கண்டவுடன் "ஊத்தைப் பூனை" என்று சாக்கில் கட்டுவது. பூனையைக் கட்டிவைத்து, சாப்பாடும் கொடுக்காமல் தானாகத் தேடவும் விடாமல் கொன்ற பெண்ணின் கதை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தேடித் தின்னத் தெரியாத வயதில் குட்டியைக் கொண்டுபோய் வாய்க்கால் கட்டில் விடுவது அந்தக் கதையிலிருந்து எவ்வளவு தூரம் என்று பெரியவர்களே சொல்லட்டும்.

ஊட்டில் ஒருவர் பிள்ளைத்தாய்ச்சி ஆனவுடன் பூனைக்கு வருகிற கண்டம் தனிக்கதை. இங்கே பிள்ளைப்பேறு பெண்ணின் தாய் ஊட்டில்தான், பூனையும் அந்த ஊட்டில்தான். டொக்சோபிளாஸ்மா பற்றி எங்கேயோ கேட்ட ஒரு வரி வட்ஸ்அப்பில் வரும், பின்னேரம் யூரியா பேக் வரும். அந்தக் கிருமி உண்மைதான், கர்ப்பத்தில் முதன்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்துத்தான். ஆனால் ஒரு பூனை அதைக் கழிவில் வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை, ஒன்று முதல் மூன்று கிழமை வரை. வெளியேறியது தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் எடுக்கும். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்ட மண் பட்ட கை, இதுகளாலும் அது வரும். ஆகவே பிள்ளைத்தாய்ச்சி பூனையின் கழிவை அள்ளவேண்டாம், அதை ஊட்டில் வேறு யாராவது, மாப்பிள்ளை என்றாலும் பரவாயில்லை, ஒவ்வொரு நாளும் செய்யட்டும். மண் வேலைக்குக் கையுறை போடட்டும், இறைச்சி நன்றாக வேகட்டும். பூனையை விரட்டிவிட்டு வாசல் மணலை அப்படியே விடுகிற ஊட்டைவிட இது பாதுகாப்பு. ஊடு ஊடாக வருகிற மருத்துவமாது அக்காமார் இதை ஒரு வசனத்தில் சொன்னாலே போதும், உம்மாமார் நாங்கள் சொன்னால் கேட்கமாட்டார்கள், அவர்கள் சொன்னால் கேட்பார்கள்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், வைத்தியம் படித்தவர்கள் இல்லை. இலங்கையில் மிருக வைத்தியப் பட்டம் தருகிற பல்கலைக்கழகம் ஒன்றே ஒன்றுதான், பேராதனை. அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகங்களின் அன்றாட வேலை மாடு, ஆடு, கோழி. அதனால்தான் ஊரில் பெயரே "மாட்டு டொக்டர்". பூனையைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்ற வெட்கத்தில் பலர் போவதில்லை. பேராதனையில் மாட்டைப் படித்தவர் பூனையையும் படித்துத்தான் வந்திருக்கிறார். போங்கள், கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு மருந்து எழுதுவது வழக்கமாகிவிடும்.

"மனிசருக்கே மருந்தில்ல, இதில பூனைக்கா?" என்பது நியாயமான கேள்வி, அதை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. ஆனால் பூனையின் புழுவும் மனிசரின் நோயும் வேறு வேறு அலுவலகத்தில் இருந்தாலும் ஒரே வளவில்தான் இருக்கிறது. இலங்கை யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் அங்கீகரித்தது. பெரிய சாதனை. அதே நாட்டில், ஏறக்குறைய நாற்பது வருடம் காணாமல்போயிருந்த புரூகியா மலாயி என்ற யானைக்கால் புழு இந்த நூற்றாண்டில் திரும்பவும் மனிசரில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தேடிப்போன ஆய்வாளர்கள் பூனையின் இரத்தத்திலும் நாயின் இரத்தத்திலும் அந்தப் புழுவைக் கண்டார்கள். மனிசருக்கு மட்டும் குளிசை கொடுத்து முடிக்கிற கணக்கு இல்லை இது.

இஸ்தான்புல் பூனைகளின் ரீல்ஸை எங்கட வயதுக்காரர்கள் ஷேர் பண்ணுகிற அளவைப் பார்த்தால் துருக்கிக்கே ஆச்சரியமாக இருக்கும். 2016இல் வந்த 'கெடி' ஆவணப்படத்தைப் பார்த்து அழுதவர்களும் எங்களுக்குள் உண்டு. படத்தில் மனிசரின் அன்பு தெரிகிறது. அதுக்குப் பின்னால் 2004இல் கொண்டுவந்த ஒரு சட்டம் இருக்கிறது, தெருப் பிராணிகளுக்கு மருந்தும் தடுப்பூசியும் கருத்தடையும் செய்கிற பொறுப்பை மாநகரசபைகளின் தலையில் வைத்த சட்டம். (கருத்தடை பற்றி உலமாக்களிடம் வேறுவேறு கருத்து இருக்கிறது. அது வேறொரு நாளைக்கு.) பள்ளிவாசலில் பூனை படுத்திருக்கிற படத்தைப் பகிர்கிற நாங்கள், அந்தப் பூனைக்குப் பூச்சி மருந்து கொடுத்த சபை ஊழியரைப் படம்பிடிக்கிற ரீல் எதையும் பகிர்ந்ததில்லை.

நாங்கள் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு நாள், இறக்காமம் பிரதேச சபை ஒரு கட்டடத்தைத் தரட்டும், கால்நடை வைத்தியர் அரை நாள் வரட்டும், விசர்நோய்த் தடுப்பூசியையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு மட்டும் உரிய நோய் இல்லை அது, பூனை கடித்தும் வரும். நாய் வளர்க்காத ஊர் என்றபடியால் அந்த ஊசிப் பேச்சே எங்கட பக்கம் குறைவு. மருந்துச் செலவுக்கு விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. ஒரு சொஃப்ட்போல் டூர்னமென்டுக்கு அடிக்கிற டீசேர்ட் காசில் எத்தனை பூனைக்குக் குளிசை வாங்கலாம் என்று காக்காமார் ஒருக்கா கணக்குப் பார்க்கட்டும். பெயர் பதிவது, தராசு பிடிப்பது, யாருக்கு அடுத்த தவணை எப்போ என்று கொப்பியில் எழுதுவது, இதுகளை நாங்கள் செய்வோம். இன்றைக்கு வரைக்கும் பூனைக்குச் சோறு வைப்பதும், பேன் சீப்பால் வாருவதும், சாக்கைக் கண்டு அழுவதும் ஊட்டில் உள்ள பெண் பிள்ளைகள்தான். மோட்டார் சைக்கிளில் போகிற வேலை மட்டும் பெடியன்களுக்கு. அந்த மோட்டார் சைக்கிள் ஊருக்கு வெளியே போகாமல் இந்த அரை நாளுக்கு வந்தால் நல்லம்.

வருகிறவர்களுக்கு இப்போதே ஒன்று. பூனையை யூரியா பேக்கில் கொண்டுவரவேண்டாம், மூச்சு விடக்கூடிய பழக்கூடை ஒன்றில், மேலே சீலைத் துண்டு கட்டிக் கொண்டுவாருங்கள். குட்டிகளைக் கொண்டுவருகிறவர்கள் தாயையும் சேர்த்துக் கொண்டுவரவேண்டும். குட்டிக்கு மட்டும் குளிசை கொடுத்து அனுப்பினால் அன்றைக்கு இரவே பாலோடு மறுகாவும் தொடங்கிவிடும்.